உதவும் கையின் வேகம்

படுத்திருக்கும் மூதாட்டியை நாற்காலிக்கு மாற்ற வேண்டும். மகள் குனிந்து அவருடைய முன்கையைப் பற்றித் தூக்குகிறாள். உட்கார வைத்து நிமிர்ந்த பிறகுதான் தன் விரல்களில் ஈரம் தட்டுவதை உணர்கிறாள். பார்த்தால், தாயின் கையில் தோல் ஓரிடத்தில் கிழிந்து, சுருங்கி ஒதுங்கியிருக்கிறது. அடியில் சிவப்பு தெரிகிறது. தாய் ஒரு முனகலோடு நிறுத்திக்கொள்கிறார். அழுவது மகள்தான். “கையைத்தான் பிடிச்சேன், தோலு கையோட வந்துருச்சு” என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லும்போது, அவள் குரலில் ஒரு குற்றவாளியின் நடுக்கம் இருக்கிறது.

நீலகிரி மலையின் கூடலூர்ப் பக்கம் காயம் புதிதல்ல. கவாத்துக் கத்தி வெட்டும், தேயிலைச் செடியின் குச்சி கீறும், அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வடியும், யானை மனிதரைத் தூக்கி எறியும். அந்தக் காயங்களுக்கெல்லாம் ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்டலாம், கோபப்படலாம், இழப்பீடு கேட்டுச் சாலையில் உட்காரலாம். முதியோரின் தோல் கிழிவதில் அப்படிச் சுட்டுவதற்கு எதிரி எவரும் இல்லை. குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, புரட்டிப் படுக்க வைக்கும்போது, டிரிப்ஸ் ஊசியை எடுப்பதற்காகப் பிளாஸ்திரியை உரிக்கும்போதுதான் இந்தக் காயம் பெரும்பாலும் உண்டாகிறது. கவனிக்காமல் கைவிடப்பட்டவருக்குப் படுக்கைப் புண் வருகிறது. கவனித்துக்கொள்ளப்படுகிறவருக்கும் வரக்கூடியது இந்தக் கிழிசல். தீங்கு செய்யும் எண்ணம் துளியும் இல்லாத இடத்தில், நன்மை செய்யும் செயலுக்குள்ளிருந்தே தீங்கு பிறக்கிறது என்பதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது.

மருத்துவ உலகமும் இதைத் தாமதமாகத்தான் கவனித்தது. அமெரிக்கச் செவிலியர்களான பெய்னும் மார்ட்டினும் 1990களின் தொடக்கத்தில் இந்தக் காயத்தைத் தனி வகையாகப் பிரித்து எழுதினார்கள். உலகளாவிய வல்லுநர் குழு ஒன்று 2013இல் அதை மூன்று படிகளாக எளிமைப்படுத்தியது: கிழிந்த தோலைப் பழைய இடத்திலேயே முழுதாகப் படிய வைக்க முடிவது ஒன்று, ஒரு பகுதி போய்விட்டது மற்றொன்று, முழுதும் போய்விட்டது மூன்றாவது. அதற்கு முன்னும் முதியோர் இருந்தார்கள், தோல் கிழிந்தது, யாரோ துணி சுற்றிக் கட்டினார்கள். பெயரில்லாமல் இருந்ததால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நம் வீடுகளில் இன்றும் ஏறுவதில்லை. சர்க்கரை அளவு குறித்து வைக்கப்படுகிறது, இரத்த அழுத்தம் குறித்து வைக்கப்படுகிறது. தோல் கிழிந்த நாள் ஒரு சங்கடமாக மறைக்கப்படுகிறது.

தோலை நாம் உறை என்று எண்ணிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பதே நாம், வெளியே இருப்பது வெறும் மூடி என்பது நம் நெடுநாளைய நினைப்பு. ஆனால் உடலின் மிகப் பெரிய உறுப்பு அதுதான்; வளர்ந்தவர் ஒருவரின் தோலைப் பரப்பினால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். மேல்தோல், அடித்தோல் என்று அது இரு அடுக்கு. இளமையில் இந்த இரண்டின் எல்லை நேர்கோடாக இருப்பதில்லை. கோத்த விரல்களைப்போல மேலடுக்கின் முகடுகள் கீழடுக்கின் பள்ளங்களில் இறங்கிப் பிடித்திருக்கின்றன. வயது ஏற ஏற அந்த மேடுபள்ளங்கள் தட்டையாகிவிடுகின்றன. ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் வெறுமனே படிந்திருக்கிறது. கொலாஜன் குறைகிறது, எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, தோலுக்கடியில் மெத்தையாக இருந்த கொழுப்பு கரைகிறது, இரத்தக் குழாய்கள் தாங்கலின்றி நிற்கின்றன. இழுப்பு நோய்க்காக ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு இவை இன்னும் விரைவில் நேர்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பழைய கை மாதிரிதான் தெரியும். உள்ளே பிடிமானம் அகன்றுவிட்டது என்பதை அந்தக் கை சொல்வதில்லை.

அதிலும் நம் நிறத்துத் தோலில் எச்சரிக்கைக் குறிகள் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. முதுமையில் கைகளில் தோன்றும் ஊதாத் திட்டுகள், அடுத்த கிழிசல் இங்கேதான் என்று முன்கூட்டிச் சொல்பவை. பாடநூல்களில் அவை பெரும்பாலும் வெள்ளைத் தோலின் மேல் பளிச்சென்று அச்சாகியிருக்கின்றன. கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த கையில், சூரியனும் தேயிலைக் கறையும் ஏறிய கையில், அந்தத் திட்டு நிழலுக்குள் நிழலாக மறைந்துகொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும்.

யாருடைய கைகள் இவை என்று கேட்டுப் பார்ப்போம். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் நாடற்றவராக வைக்கப்பட்டிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து இந்த மலைக்கு வந்தவர்கள் பலர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968இல் தொடங்கிப் பிறகு 1976இல் டான்டீ என்னும் கழகமாக மாறிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் காட்டைத் திருத்தியவர்களும், நாற்று நட்டவர்களும், கவாத்து வெட்டியவர்களும் அவர்களே. அன்றைக்கு இருபதுகளில் இருந்த பெண்ணுக்கு இன்று எழுபது கடந்திருக்கும். இடுப்பில் படங்குத் துணி கட்டி, முதுகில் கூடை சுமந்து, மழையில் நனைந்த அந்த உடல்தான் இப்போது லைன் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறது. அடுத்த சரிவில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகிய பழங்குடிகளின் வீடுகளிலும் முதுமை இதே மெல்லிய தோலோடு வந்து நிற்கிறது. உழைப்பால் தடித்த கை கிழியாது என்று நாம் நம்பியிருந்தோம். காய்ப்பேறுவது உள்ளங்கையில், முன்கையும் கெண்டைக்காலும் புறங்கையும் எவருக்கும் தடிப்பதில்லை.

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று பல ஆண்டு ஆராய்ந்தார். நோய் விரலைத் தின்பதில்லை, உணர்ச்சியைத்தான் கொல்கிறது, வலி தெரியாததால் அந்தக் கை சுடுபாத்திரத்தையும் ஆணியையும் இறுகப் பிடித்துத் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்று அவர் கண்டார். வலி ஒரு காவல் என்பதை உலகுக்கு உரக்கச் சொன்னவர் அவர். முதியவரின் தோல் இதற்கு நேர் எதிரான நிலையில் நிற்கிறது. தொழுநோய்க் கை தாங்கும், ஆனால் அறியாது. முதிய கை அறியும், ஆனால் தாங்காது. அறியாத கைக்கு அறிவாக நாம் வெளியிலிருந்து நிற்கலாம். தாங்காத கைக்கு முன்னால் நின்று, ஓங்கும் நம் வலிமையை நாமே தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எது கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது, புல்லுக்கும் மரத்துக்கும் தந்த அந்த ஓரறிவு தொடுதலை அறிவதுதான். நாவும் மூக்கும் கண்ணும் செவியும் மனமும் அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. முதுமை அந்த ஏணியில் இறங்கிவரும் பயணமாகத் தோன்றுகிறது. மனம் குழம்பி, பெற்ற மக்களின் பெயர் மறந்து, காது அடைத்து, கண்ணில் புரை விழுந்து, சோற்றின் ருசியும் போன பிறகும் தொடுதல் மிஞ்சுகிறது. பேச முடியாத நோயாளியும் தெரிந்த கை எது, அவசரக் கை எது என்று அறிகிறார். அப்படியானால், கிழிகிற தோல் வெறும் பரப்பு அன்று. அந்த மனிதரோடு நமக்கு எஞ்சியிருக்கும் கடைசிப் பேச்சு நடக்கும் இடம் அது. குறைமாதத்தில் பிறந்த சிசுவின் தோலும் இப்படித்தான், பிளாஸ்திரி உரித்தால் கூடவே வந்துவிடும் அளவுக்கு மெல்லியது. வாழ்வின் இரு நுனிகளிலும் மனிதர் ஒருவர் முழுக்க முழுக்கப் பிறர் கையில் இருக்கும்போது, அந்தக் கைகளைத் தாங்கும் தோல் மட்டும் அவருக்கு வழங்கப்படவில்லை. இயற்கை இதில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டியது என்று கோபம் வருவதுண்டு.

கிழிந்தபின் செய்ய வேண்டியதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. சுருங்கி ஒதுங்கிய தோலைப் பார்த்ததும் நம் முதல் எண்ணம், அது செத்துவிட்டது, கத்தரித்து எறியலாம் என்பதே. பழகிய நர்ஸ் அப்படிச் செய்வதில்லை. அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தி, சலைனாலோ சுத்தமான நீராலோ மெல்லக் கழுவி, நனைத்த பஞ்சால் அந்த மடிப்பை நீவி நீவிப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறார். இழுத்து மூடுவதில்லை; எவ்வளவு தூரம் தானாக வருகிறதோ அவ்வளவு. உயிர் இருக்கும் தோல் தன் காயத்துக்குத் தானே மூடியாகிறது. மேலே ஒட்டாத துணி. அதைப் பிடித்துக்கொள்ளப் பிளாஸ்திரி அல்லாமல் சுற்றுக்கட்டு. பெரிதாகக் கிழிந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, தோல் கறுத்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை எல்லாரும் அறிவார்கள்.

அதற்குப் பிறகுதான் கடினமான கட்டம்: சும்மா இருப்பது. சீழோ வீக்கமோ காய்ச்சலோ இல்லாதவரை அந்தக் கட்டைப் பல நாள் தொடாமல் விட வேண்டும். நம் அன்பு அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. ஆறியதா என்று தினமும் அவிழ்த்துப் பார்க்கிறது, பார்க்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டிய தோலைப் பெயர்த்துவிடுகிறது. இதனால்தான் நல்ல மருத்துவமனைகளில் கட்டின்மேல் ஓர் அம்புக்குறி வரைகிறார்கள். தோல் எந்தப் பக்கம் படிய வைக்கப்பட்டதோ அந்தப் பக்கமாகவே கட்டை எடுக்க வேண்டும், எதிர்ப்பக்கமாக இழுத்தால் ஆறியது மீண்டும் கிழியும் என்பதை, அடுத்த முறை வரப்போகும், பெயர் தெரியாத இன்னொரு கைக்குச் சொல்லும் குறிப்பு அது. உலகில் வரையப்பட்ட அம்புக்குறிகளில் இவ்வளவு பணிவானது வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

ஒட்டாத துணிக்கு விலை அதிகம் என்ற பேச்சும் எழும். சிலிக்கான் பூசிய கட்டுத்துணியின் விலை, எஸ்டேட் கூலியில் வாழும் வீட்டுக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். பாரஃபின் தடவிய காஸ் அதைவிட மலிவு. மும்பை சயான் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் மாதுரி கோரே, தீக்காயங்களுக்கும் தோல் எடுத்த இடங்களுக்கும் வாழையிலையைப் பதப்படுத்திக் கிருமி நீக்கிக் கட்டி, அது காயத்தில் ஒட்டாமலும் வலியின்றியும் எடுக்க வருவதை 2000களின் தொடக்கத்தில் ஆய்வாகவே வெளியிட்டார். நாம் நாளும் உண்டு எறியும் இலை அது. கொல்லையில் பறித்ததை அப்படியே வைத்துக் கட்டலாம் என்று இதற்குப் பொருளில்லை. கிருமி நீக்கும் முறை மருத்துவமனையின் வேலை. ஆனால் மென்மை என்பது வசதி படைத்தவர்க்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்ற எண்ணத்தை அந்த இலை கேள்வி கேட்கிறது.

வருமுன் காப்பதில் மேற்கு ஆஸ்திரேலியாவின் 14 முதியோர் இல்லங்களில் செய்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று பேசப்படுகிறது. கை கால்களில் நாளைக்கு இரு முறை ஈரப்பதக் களிம்பு தடவப்பட்டவர்களிடம் தோல் கிழிசல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புதுமருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை; காலையில் ஒரு தடவல், மாலையில் ஒரு தடவல். களிம்பின் பங்கை மறுக்க முடியாது. வறண்ட தோல் எளிதில் கிழியும். ஆயினும் எனக்கு ஓர் ஐயம் உண்டு: நாளுக்கு இரு முறை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைக் கையில் எடுத்து, முழுதும் நீவி, எங்கே மெலிந்தது எங்கே திட்டு விழுந்தது என்று விரலால் அறிந்துகொண்டார் என்பதற்கும் அந்தப் பாதியில் ஒரு பங்கு இருக்காதா? ஆய்வு அதைத் தனியே பிரித்து அளக்கவில்லை. அளக்க முடியாததால் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்ற முறைகளெல்லாம் இந்த ஊரில் தெரிந்தவைதான். வளையலும் மோதிரமும் கடிகாரமும் கழற்றிய கை, வெட்டிய நகம், முழுக்கைச் சட்டை, கட்டில் விளிம்பில் சுற்றிய பழந்துணி, கொதிக்கும் வெந்நீருக்கும் காரமான சோப்புக்கும் விடைகொடுத்தல். தூக்குவதில்தான் அடிப்படை மாற்றம் தேவைப்படுகிறது. கையைப் பற்றி இழுக்காமல், உள்ளங்கையை அடியில் கொடுத்து ஏந்த வேண்டும். படுக்கையில் நகர்த்தும்போது உடலை இழுக்காமல், விரிப்போடு சேர்த்து உயர்த்தி நகர்த்த வேண்டும்.

ஏன் என்று உற்று நோக்கினால், இந்தக் காயத்தின் இயல்பே துலங்குகிறது. தோல் கிழிவது அழுத்தத்தால் மட்டும் அல்ல, இரு அடுக்குகளின் வேகம் வேறுபடுவதால். நம் பிடியில் இருக்கும் மேலடுக்கு நம்மோடு கிளம்பிவிடுகிறது. அடியில் இருக்கும் உடலோ எடையோடும் வலியோடும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியே இருப்பது முன்னே போய், உள்ளே இருப்பது உடன் வர முடியாமல் பின்தங்கும் அந்த ஒரு கணத்தில்தான் கிழிசல் நிகழ்கிறது. எனவே குற்றம் உதவியில் இல்லை, உதவியின் திசையில்கூட இல்லை. உதவி பெறுகிறவரின் உள்ளடுக்கு நகரத் தொடங்கும்வரை காத்திராத அந்த வேகத்தில் இருக்கிறது.

இதைக் கண்டபின் நம் சிந்தனை கட்டிலோடு நிற்பதில்லை. இரண்டு அரசுகள் ஒரு மேசையில் அமர்ந்து ஐந்தேகால் லட்சம் மனிதரை எண்ணிக்கையாக எடுத்து வைத்தபோது, பெயரும் குடியுரிமையும் முகவரியும் என்ற மேலடுக்கு கடலைக் கடந்து வந்தது. பிறந்த லயத்து வீட்டையும் புதைத்த பிள்ளையையும் கற்ற பாதையையும் பற்றியிருந்த உள்ளடுக்கு அக்கரையிலேயே நெடுங்காலம் நின்றது. அவர்களுக்கு நாடு கொடுக்கப்பட்டது, வேலை கொடுக்கப்பட்டது, கூரையும் கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் மறுப்பதற்கில்லை. கொடுத்த கை எவரையும் கேட்டுவிட்டுத் தூக்கவில்லை என்பதும் மறுப்பதற்கில்லை. இந்த மலையின் பழங்குடிகளுக்கும் இதுவே நேர்ந்தது. முன்னேற்றம் என்ற பெயரால் அவர்களுடைய வீட்டையும் உடையையும் தொழிலையும் மாற்ற வந்தவர்கள், வெளியே தெரிவதை வேகமாக நகர்த்தினார்கள். நகர்ந்ததைக் கணக்கில் எழுதினார்கள். நகர மறுத்த உள்ளத்தைப் பிடிவாதம் என்றார்கள். ஒரு மனிதரையோ ஒரு குடியையோ கைதூக்கிவிட வருகிற எவரும், தம் நல்லெண்ணத்தின் அளவைக் கொண்டு தம் செயலை அளக்கிறார்கள்; ஆனால் தூக்கப்படுகிறவரின் உடல் அந்த எண்ணத்தை அறிவதில்லை, விரல்களின் அழுத்தத்தையும் இழுப்பின் வேகத்தையும் மட்டுமே அறிகிறது.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்குச் சான்று இதே ஊரில் இருக்கிறது. நாராயணன் தேவதாசன், ரூபா தேவதாசன் என்ற இரு இளம் மருத்துவர்கள் 1987இல் கூடலூருக்கு வந்தபோது முதலில் மருத்துவமனை கட்டவில்லை. ஆதிவாசிக் குடியிருப்புகளுக்கு நடந்தார்கள். அங்கிருந்தே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தார்கள். 1988இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். எங்களுக்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அந்த மக்களிடமே முதிர்ந்தது. 1990இல் அஸ்வினி அமைப்பின் கீழ்க் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பிறந்தது. ஆதிவாசிப் பெண்களே அங்கே நர்ஸ்களாகப் பயிற்சி பெற்றார்கள். மருத்துவமனை என்றாலே அஞ்சி ஒதுங்கிய ஒரு பணியர் மூதாட்டி, தன் மொழியில் பேசும் ஒரு பெண்ணின் கையில் தன் கையைக் கொடுப்பதற்கும், அந்நியர் ஒருவர் அவரைப் பிடித்து இழுத்துப் படுக்கையில் கிடத்துவதற்கும் உள்ள வேறுபாடு, ஏந்துவதற்கும் பற்றுவதற்கும் உள்ள வேறுபாடே. உள்ளடுக்கு நகரும்வரை அங்கே உதவி காத்திருந்தது.

காத்திருக்க நேரம் வேண்டும் என்று ஒருவர் குறுக்கிட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் சொன்ன மகள் முரடி அல்ல. அதிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போய், நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்பியவள். அவள் விரல்கள் பகலெல்லாம் பழகிய வேகம் வீட்டு வாசலில் கழற்றி வைக்கக் கூடியதல்ல. மென்மையாக இரு என்று அவளுக்குப் புத்தி சொல்வது எளிது. அவசரம் அவள் குணத்திலிருந்து வரவில்லை. அவளுக்கு விதிக்கப்பட்ட நாளிலிருந்து வருகிறது. கவனிப்பவரின் நேரத்தைப் பிடுங்கிக்கொண்ட ஒரு வாழ்க்கைமுறை, நோயாளியின் தோலையும் சேர்த்தே பிடுங்குகிறது. மருத்துவமனை வார்டிலும் இதே கணக்குத்தான்: ஓர் இரவுக்கு ஒரு நர்ஸ், அவர் பார்க்க வேண்டிய கட்டில்கள் வரிசை வரிசையாக. அங்கே ஒரு கை கிழிந்தால் அந்த நர்ஸை அழைத்து விளக்கம் கேட்பார்கள். கட்டில்களுக்கு ஏற்ப ஆள் போடாதவரிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. விரிப்போடு சேர்த்து உயர்த்துவது என்பது இரண்டு பேர் செய்யும் வேலை. கட்டிலின் இருபுறமும் ஆள் நின்றால்தான் உடல் எழும். தனியாக நிற்பவர் என்ன முயன்றாலும் இழுக்கத்தான் முடியும். நாம் அலட்சியம் என்று பழித்த பல காயங்களுக்குப் பின்னால் இருந்தது, மறுபக்கத்தில் ஆளில்லாத தனிமை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நோய்த் தணிப்புச் சேவையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் வந்து போகிற நர்ஸ் எத்தனை முறை வர முடியும்? நாடுகாணி மலைச்சரிவில் இறங்கினால் வரும் நிலம்பூரும் மலப்புறமும் வேறொரு விடையைக் கண்டிருக்கின்றன. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த் தணிப்பு இயக்கம், மருத்துவர்களை மட்டும் நம்பாமல் அக்கம்பக்கத்தாரைப் பயிற்றுவித்தது. கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் மாணவரும் வாரத்தில் சில மணி நேரம் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்குப் போனார்கள். 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

நம் லைன் வீடுகள் அதற்குத் தோதானவை. சுவருக்குச் சுவர் ஒட்டியவை. இந்த வீட்டு இருமல் அந்த வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடக் கூச்சப்படும் மகளிடம், கூப்பிடுவது கடனல்ல என்று சொல்லும் வேலையையும் வருகிற நர்ஸ் ஏற்கலாம். வீட்டில் இருக்கும் ஆண்களையும் இதில் சேர்த்தாக வேண்டும். அம்மாவைப் புரட்டும்போது மகன் வாசலில் போய் நிற்பது நம் வழக்கம். அதை மரியாதை என்று நினைக்கிறோம். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தால், விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க எவராலும் முடியும். காலையில் பெரட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பியபின் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் போதும். அந்த இரண்டு நேரத்திலும் லைனில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது.